எங்க பெட்ரா பிராங்கா, நம்ம பத்து பூத்தே

போன பள்ளி விடுமுறையில் அக்கா குடும்பம் சிங்கப்பூரிலிருந்து, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் நாங்கள் இருக்கிற மாசாய்க்கு வந்திருந்தது. மூன்று நாள் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுச் சலித்துப்போய், சரி, சுங்கை ரெங்கிட் போய் சிங்கி இறால் சாப்பிடலாம் என்று ஒரு சாயங்காலம் கிளம்பினோம். ஜொகூரின் தென்கிழக்கு மூலையில் இருக்கிற சின்ன ஊர் அது. வழியில் பெங்கேராங் எண்ணெய் ஆலையின் வெளிச்சம் ராத்திரியைப் பகலாக்கிக்கொண்டிருக்கும், அதைத் தாண்டினால் கும்மிருட்டு, அப்புறம் கடல்.

சாப்பிட்டு முடித்துக் கரையோரம் நின்றிருந்தபோது, தூரத்தில் கிழக்கே ஒரு வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. அக்கா மகன் போனில் மேப்பைத் திறந்து இரண்டு விரலால் விரித்துப் பார்த்துவிட்டு, "மாமா, அது எங்க பெட்ரா பிராங்கா!" என்றான். பத்தொன்பது வயது, தேசிய சேவையில், அதாவது சிங்கப்பூரின் கட்டாயப் படைப் பணியில் இருக்கிறான், முடி ஒட்ட வெட்டியிருக்கிறது. அக்கா அவன் முதுகில் தட்டி, "மாமாகிட்ட போய் அப்படிச் சொல்றியே" என்று சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை, பல் குத்திக்கொண்டே கடலைப் பார்த்தார். அவரும் பிறந்தது எங்கள் பக்கம்தான், மலேசியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் வாங்கியவர்.

எனக்கு உறுத்தியது பெட்ரா பிராங்கா இல்லை, அந்த "எங்க". தமிழில் இந்த வசதி ஒன்று இருக்கிறது பாருங்கள். "நம்ம" என்றால் கேட்கிறவனும் உள்ளே. "எங்க" என்றால் கேட்கிறவன் வெளியே. என் தோளில் தூக்கி வளர்த்த பையன், மூன்றெழுத்தில் என்னைக் கடலுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டான். நானும் விடவில்லை. "அது நம்ம பத்து பூத்தே" என்றேன். அவனையும் உள்ளே இழுக்கலாம் என்று ஒரு நப்பாசை.

பெட்ரா பிராங்கா, பத்து பூத்தே இரண்டும் ஒரே கல்லின் பெயர்தான், சிங்கப்பூரும் மலேசியாவும் யாருக்குச் சொந்தம் என்று சண்டை போட்ட கடல் பாறை. அந்தக் கல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதாததற்குக் காரணம், இந்தப் பக்கம் எழுதினால் துரோகி, அந்தப் பக்கம் எழுதினால் நன்றி கெட்டவன். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவனுக்கு இரண்டு பட்டமும் கட்டுப்படியாகாது.

முதலில் அது எவ்வளவு பெரிது என்று சொல்லிவிடுகிறேன். நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர், கடல் வற்றியிருக்கும்போது பரப்பு சுமார் 8,560 சதுர மீட்டர். ஒரு கால்பந்துத் திடலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல், ஜொகூர் கரையிலிருந்து 7.7, இந்தோனேசியாவின் பிந்தான் தீவிலிருந்து 7.6. தூரத்தை மட்டும் பார்த்தால் சிங்கப்பூர்தான் மூன்றாவது. போர்த்துகீசியன் 'வெள்ளைக் கல்' என்று பெயர் வைத்தான், அதுதான் பெட்ரா பிராங்கா. மலாய்க்காரர்களும் 'வெள்ளைக் கல்' என்றுதான் வைத்தார்கள், பத்து பூத்தே. சீனப் பெயரிலும் அதே வெள்ளைதான். மூன்று மொழிக்காரர்களும் ஒற்றுமையாக ஒப்புக்கொண்ட ஒரே விஷயம், கடல் பறவைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே போட்ட எச்சம். பக்கத்தில் அரைக் கடல் மைல் தாண்டி நடுப்பாறைகள், மிடில் ராக்ஸ் என்பார்கள். இன்னும் தெற்கே சவுத் லெட்ஜ், கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டுகிற ஒன்று.

இதற்குப் போய் ஏன் இவ்வளவு அடிதடி என்றால், அது நிற்கிற இடம் அப்படி. தென்சீனக் கடலிலிருந்து சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழைகிற வாசலில் நிலைப்படி மாதிரி கிடக்கிறது. உலகத்தின் நெரிசலான கப்பல் வழிகளில் ஒன்று அது. விளக்கு வருவதற்கு முன்னால் அதில் மோதி உடைந்த கப்பல்கள் ஏராளம். அதனால்தான் ஆங்கிலேயர்கள் அங்கே கலங்கரை விளக்கம் கட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடல் வரைபடம் போட்டுக்கொடுத்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் பெயரில், ஜான் டர்ன்புல் தாம்சன் என்ற சர்வேயர் பூலாவ் உபின் தீவின் கருங்கல்லைக் கொண்டுபோய் 1850இல் அடிக்கல் போட்டு 1851இல் விளக்கேற்றிவிட்டார். அலை அடிக்கிற பாறையில் ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு கோபுரம். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு மழைநீர்க் கால்வாய் முடிய அதைவிட அதிகக் காலம் ஆனது, அது வேற கதை.

கட்டுவதற்கு முன்னால் ஆங்கிலேய ஆளுநர் பட்டர்வொர்த், ஜொகூரின் சுல்தானுக்கும், தெமெங்கோங் என்ற பெரிய பதவியில் இருந்தவருக்கும் கடிதம் எழுதினார். அவர்கள் 1844 நவம்பரில் பதில் எழுதினார்கள். பதில் இருக்கிறது. ஆளுநர் எழுதிய கடிதம் இல்லை. அவர் என்ன கேட்டார், விளக்கு வைக்க அனுமதி கேட்டாரா, கல்லையே கேட்டாரா, எந்தக் கல்லைக் கேட்டார் என்று யாருக்கும் தெரியாது. நூற்று அறுபது வருஷம் கழித்து தி ஹேக் நகரில் அனைத்துலக நீதிமன்றத்தில், "அந்தக் கடிதம் உங்கள் ஆவணக் கிடங்கில்தான் இருக்கும்" என்று மலேசியா சொல்ல, "இருந்தால் காட்டமாட்டோமா, நாங்களும் எத்தனையோ வருஷமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று சிங்கப்பூர் சொன்னது. கேட்பதற்கு அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி இருக்கிறதா? அதேதான்.

காணாமல் போன கடிதம் ஒன்று என்றால், காணாமல் போயிருக்கக்கூடாதா என்று நாங்கள் ஏங்குகிற கடிதம் இன்னொன்று. 1953 ஜூனில் சிங்கப்பூரின் காலனி அரசு, "இந்தப் பெட்ரா பிராங்கா யாருடையது, குத்தகைக்குக் கொடுத்தீர்களா, விட்டுக்கொடுத்தீர்களா, ஏதாவது ஆவணம் உண்டா" என்று ஜொகூருக்கு எழுதியது. செப்டம்பர் 21ஆம் தேதி ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் போட்டார். சாரம் ஒரே வரி: பெட்ரா பிராங்காவின் உரிமையை ஜொகூர் அரசு கோரவில்லை.

அவ்வளவுதான். ஏன் அப்படி எழுதினார், யாரைக் கேட்டு எழுதினார் என்று இன்றுவரை எங்கள் பக்கம் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். அவருக்கு அப்படி எழுத அதிகாரமே இல்லை என்று நீதிமன்றத்திலும் வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. எனக்கு அந்த மனிதரை நினைத்தால் கோபம் வருவதில்லை. மேசையில் குவிந்த கோப்புகளுக்கு நடுவில், பறவை எச்சம் மூடிய ஒரு கல்லைப் பற்றி எவனோ கேட்டிருக்கிறான், ஒரு வரியில் முடித்து அடுத்ததை எடுத்திருப்பார். அந்த ஒரு வரியின் அர்த்தம் 2008இல்தான் தெரிந்தது.

இடையில் என்ன நடந்தது என்றால், விளக்கை சிங்கப்பூர் தொடர்ந்து எரிய வைத்தது, கொடி ஏற்றியது, பக்கத்தில் கப்பல் மோதினால் விசாரித்தது, அங்கே போக நினைத்த மலேசிய அதிகாரிகளிடம் அனுமதிச் சீட்டு கேட்டது, 1977இல் ராணுவத் தகவல் தொடர்புக் கருவியும் பொருத்தியது. நாங்கள் சும்மா இருந்தோம். 1979 டிசம்பர் 21ஆம் தேதி மலேசியா ஒரு புது வரைபடம் வெளியிட்டு அந்தக் கல்லைத் தன் எல்லைக்குள் போட்டது. 1980 பிப்ரவரி 14ஆம் தேதி சிங்கப்பூர் எதிர்ப்புக் கடிதம் கொடுத்தது. காதலர் தினத்தில். அன்று ஆரம்பித்ததுதான் சண்டை.

எண்பதுகளில் அந்தப் பக்கம் சிங்கப்பூர் கப்பற்படை சுற்ற ஆரம்பித்ததும் முதலில் அடி வாங்கியவர்கள் பெங்கேராங் மீனவர்கள். சுங்கை ரெங்கிட்டில் இறால் வாங்கும்போது பழக்கமான ஒரு பாக்சிக், அதாவது மலாய்ப் பெரியவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். காற்று எழும்பினால் அந்தப் பாறையை ஒட்டித்தான் ஒதுங்குவார்களாம், அவர் அப்பா காலத்திலும் அப்படித்தானாம். "ஒருநாள் போனோம், ஒலிபெருக்கியில் போ போ என்றான், மழை கொட்டுகிறது, எங்கே போவது?" என்றார். அப்புறம் அவரே, "அவனும் சின்னப் பையன்தான், நடுங்கிக்கொண்டுதான் சொன்னான்" என்று சேர்த்துக்கொண்டார். அவர் அதைச் சொன்னபோது என் அக்கா மகனின் ஒட்ட வெட்டிய தலைதான் ஞாபகத்துக்கு வந்தது.

நல்ல காலம், இரண்டு நாடுகளுக்கும் ஒரு விஷயத்தில் புத்தி இருந்தது. பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை, அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 1994இல் ஒப்புக்கொண்டார்கள். அப்போது மலேசியப் பிரதமர் மகாதீர், சிங்கப்பூரில் கோ சோக் தோங். 2003 பிப்ரவரி 6ஆம் தேதி புத்ராஜெயாவில் கையெழுத்து, தீர்ப்பு எப்படி வந்தாலும் கட்டுப்படுவோம் என்ற வாக்குறுதியோடு. 2007 நவம்பரில் வாய்மொழி வாதம். சிங்கப்பூர் பக்கம் முன்னால் நின்றவர்களில் ஒருவர் துணைப் பிரதமர் எஸ். ஜெயக்குமார். பெயரைப் பார்த்தாலே தெரிகிறதல்லவா. எங்கள் ஏரியா பெரிசுகளுக்கு அது ஒரு தர்மசங்கடம். நாடு தோற்கக்கூடாது, ஆனால் 'நம்ம ஆளு' நன்றாகப் பேச வேண்டும்.

அந்த வாதத்தில் ஒரு கூத்து. பாறைக்குப் பின்னால் ஜொகூர் மலை மிக அருகில் எழும்பி நிற்பது போல ஒரு புகைப்படத்தை மலேசியத் தரப்பு காட்டியது, பாருங்கள் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று. அந்தப் படம் புதிதாக முளைத்த ஏதோ ஒரு வலைப்பதிவிலிருந்து எடுத்தது, லென்ஸ் வித்தையால் மலை பல மடங்கு பெரிதாகத் தெரிகிறது என்று சிங்கப்பூர் தரப்பு எழுந்து சொன்னது. அந்தக் கரையில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கிருந்து பகலில் அது ஒரு கடுகு. நாட்டின் மானத்தை வலைப்பதிவுப் படத்தை நம்பிக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதை, வலைப்பதிவு எழுதுகிற நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

2008 மே 23, வெள்ளிக்கிழமை. எங்கள் நேரம் சாயங்காலம் நான்கு மணிக்குத் தீர்ப்பு வாசிக்க ஆரம்பித்தார்கள். அப்போது நான் பாசிர் கூடாங்கில் வேலை செய்துகொண்டிருந்தேன், ஷிப்ட் முடிந்து மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், தே தாரேக் டீயைக்கூட ஆற்றாமல் எல்லாரும் டிவி முன்னால் நிற்கிறார்கள். நீதிபதி வாசிக்க வாசிக்க ஒருவருக்கும் புரியவில்லை. ஏனென்றால் முதல் பாதி எங்களுக்குச் சாதகமாக இருந்தது. அந்தக் கல் ஆதியில் ஜொகூர் சுல்தானகத்துக்குச் சொந்தம், ஓராங் லாவுட் என்கிற கடலோடிகள் அங்கே புழங்கியவர்கள் சுல்தானின் குடிகள், ஆகவே உரிமை ஜொகூருக்கு இருந்தது என்று சொல்லிவிட்டார்கள். கடையில் கைத்தட்டல். அப்புறம் 1953 வந்தது. அந்தக் கடிதம், அதற்குப் பிறகு சிங்கப்பூர் செய்தவை, நாங்கள் செய்யாதவை எல்லாவற்றையும் அடுக்கி, 1980க்குள் உரிமை கை மாறிவிட்டது என்றார்கள். பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கு, 12க்கு 4. நடுப்பாறைகள் மலேசியாவுக்கு, 15க்கு 1. சவுத் லெட்ஜ் யாருடைய கடல் பரப்பில் இருக்கிறதோ அவர்களுக்கு. யாருடைய கடல் என்று இன்னும் கோடு போடவில்லை, அதுதான் வேடிக்கை.

கடைக்காரர் டிவியைக் கால்பந்துக்கு மாற்றினார். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், "விளக்கு போட்டவனுக்கே வீடா? அப்ப நம்ம லயம்?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவேயில்லை. நாங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தாத்தா பால் மரம் வெட்டினார், அப்பா வெட்டினார், அதே லயத்து வீட்டில் மூன்று தலைமுறை. வாசலில் பாட்டி தினமும் விளக்கு வைத்தாள், வேலி போட்டோம், முருங்கை வைத்தோம், பின்னால் ஒரு சின்ன முனியாண்டி கோவில். தொண்ணூறுகளில் தோட்டம் கைமாறியபோது புது நிர்வாகம் முதலில் கேட்டது, கிரான், அதாவது நிலப்பட்டா இருக்கிறதா? இல்லை. கொஞ்சம் பணம் கொடுத்து வெளியே போகச் சொன்னார்கள். அறுபது வருஷம் புழங்கியது எங்களுக்குச் செல்லவில்லை. சிங்கப்பூருக்கு மட்டும் எப்படிச் செல்லுபடியானது?

அப்புறம் நான் தீர்ப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தபோது வித்தியாசம் புரிந்தது. தோட்ட நிர்வாகம் ஒருநாளும் "இந்த வீடு எங்களுடையது இல்லை" என்று எழுதிக் கொடுக்கவில்லை. மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தம் போட்டார்கள். ஜொகூர் எழுதிக் கொடுத்துவிட்டது.

இன்னும் தெளிவாகப் புரிய வேண்டுமென்றால் பூலாவ் பிசாங்கைப் பார்க்க வேண்டும். மலாக்கா நீரிணைப் பக்கம், பொந்தியானுக்கு எதிரே இருக்கிற தீவு. அங்கேயும் ஒரு கலங்கரை விளக்கம், அதையும் பராமரிப்பது சிங்கப்பூர்தான், இன்றைக்கும். ஆனால் 1900இல் ஜொகூர் சுல்தான் விளக்குக்கு மட்டும் இடம் கொடுத்துப் பத்திரம் எழுதியிருக்கிறார். 1968இல் அந்த விளக்கில் சிங்கப்பூர்க் கொடி பறப்பதைப் பார்த்து மலேசியா, இறக்கு என்றது. சிங்கப்பூர் மறுபேச்சில்லாமல் இறக்கியது. அதே நேரத்தில் பத்து பூத்தேயிலும் அதே கொடி பறந்துகொண்டிருந்தது. அதை இறக்கச் சொல்லி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீதிபதிகள் இதைக் கவனித்துவிட்டார்கள். வக்கீல் வைத்து வாதாடிய ஆயிரக்கணக்கான பக்கங்களைவிட, கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வலிக்கிறது.

இதில் நாங்கள் ரொம்பவும் அழ முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2002 டிசம்பரில் சிப்பாடான், லிகித்தான் என்ற இரண்டு தீவுகளை இதே நீதிமன்றத்தில் இந்தோனேசியாவிடமிருந்து 16க்கு 1 என்று மலேசியா ஜெயித்தது. எதை வைத்து? வட போர்னியோவை ஆண்ட ஆங்கிலேயர்கள் 1917இலிருந்து ஆமை முட்டை எடுப்பதற்குச் சட்டம் போட்டிருந்தார்கள், 1933இல் பறவைச் சரணாலயம் அறிவித்தார்கள், 1960களின் ஆரம்பத்தில் விளக்குகள் கட்டினார்கள். இந்தோனேசியா ஒன்றும் சொல்லவில்லை. அங்கே நாங்கள் விளக்குப் போட்டவர்கள், இங்கே வேடிக்கை பார்த்தவர்கள். அந்தத் தீர்ப்பு வந்த மூன்றாவது வருஷமே பக்கத்துக் கடலில் அம்பலாட் எண்ணெய்ப் பகுதிக்கு இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் உரசிக்கொண்டன, ஜகார்த்தா தெருவில் 'மலேசியாவை நசுக்கு' என்ற அறுபதுகளின் பழைய கோஷம் தூசி தட்டி வந்தது. தீவு முடிந்தால் அடுத்தது தீவைச் சுற்றிய கடல். எல்லா இடத்திலும் இதே வரிசைதான்.

எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. தீர்ப்பு வந்த அன்று எங்கள் வெளியுறவு அமைச்சர் ராய்ஸ் யாத்திம் இருவருக்குமே வெற்றி என்றார். மீனவர்களை இரு தரப்பும் தொந்தரவு செய்ய வேண்டாம், ஆபத்தில் யார் மாட்டினாலும் உதவி செய்வது என்று உட்கார்ந்து பேசினார்கள், அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தக் கல்லைச் சுற்றிப் பிரத்தியேகப் பொருளாதாரக் கடல் பரப்பு கோருவோம் என்று சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் பேச்சு வந்ததும், எங்கள் பக்கம் ஒரே மாதத்தில் அதன் பெயருக்கு முன்னால் இருந்த 'பூலாவ்' என்ற சொல்லையே வெட்டிவிட்டார்கள். அதாவது தீவு. முப்பது வருஷம் எங்கள் தீவு, எங்கள் தீவு என்று கத்தியது, தோற்றதும் அது தீவே இல்லை, வெறும் கல். கடல் சட்டப்படி மனிதன் வாழ முடியாத பாறைக்கு 12 கடல் மைல்தான், 200 மைல் கேட்க முடியாது, அதனால். தோற்ற பிறகுதான் எங்களுக்கு அதன் உண்மையான அளவு தெரிந்தது என்று அத்தான் கிண்டலடிப்பார்.

பிறகு சில வருஷம் அமைதி. 2017 பிப்ரவரியில் அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப்பின் அரசு, லண்டன் ஆவணக் காப்பகத்தில் 1950களின், 60களின் மூன்று புது ஆவணங்கள் கிடைத்தன, தீர்ப்பை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று மனு போட்டது. அதே வருஷம் நடுப்பாறைகளின் மேல் இறங்குதளம், ஹெலிபேட் எல்லாம் வைத்து அபு பக்கார் கடல் தளம் கட்டி முடித்தார்கள். 2018 மே மாதம் ஆட்சி மாறி மகாதீர் திரும்பி வந்தார். ஜூன் 11ஆம் தேதி விசாரணை தொடங்க வேண்டியது. மே 28ஆம் தேதி மலேசியா மனுவை வாபஸ் வாங்கியது. மறுபரிசீலனை கேட்கத் தீர்ப்பிலிருந்து பத்து வருஷம்தான் அவகாசம், அது மே 23ஆம் தேதியோடு முடிந்திருந்தது. ஐந்து நாள் தாண்டி வாபஸ் வாங்கினால் திரும்பப் போட முடியாது. கதவு சாத்திக்கொண்டது.

ஏன் வாபஸ் வாங்கினீர்கள் என்று கேட்க 2024இல் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது, அங்கங்கே கறுப்பு மை பூசி. மகாதீர் மேல் குற்றவியல் விசாரணை தொடங்கலாம் என்று பரிந்துரை. அவர் மறுத்துவிட்டார். என் கருத்தைக் கேட்டால், வாபஸ் வாங்கியதைக் கேள்வி கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அந்த மூன்று ஆவணம் 1953 கடிதத்தை அழித்திருக்கும் என்று நம்புகிறவர்கள் அந்தக் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கிற ஒருவரைக் குற்றம் சொல்வது, எழுபது வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒரு வரியோடு மல்லுக்கட்டுவதைவிடச் சுலபம், வேறொன்றும் இல்லை. மாமாக் கடையில் இதைச் சொன்னேன். ஒருவன் என் தேநீருக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்றான்.

இரண்டு நாட்டு உறவைப் பற்றிச் சொல்ல எனக்கு பெரிய அறிக்கைகள் தேவையில்லை. நான் தினமும் விடியற்காலை நாலே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தில் நிற்கிறேன். 2018 கடைசியில் துறைமுக எல்லைச் சண்டை வந்தது ஞாபகம் இருக்கலாம். அக்டோபரில் ஜொகூர் பாரு துறைமுக எல்லையை மலேசியா நீட்டித்தது, டிசம்பரில் சிங்கப்பூர் பதிலுக்கு துவாஸ் பக்கம் நீட்டித்தது, மலேசிய அரசுக் கப்பல்கள் அங்கேயே நங்கூரம் போட்டு நின்றன. 2019 பிப்ரவரியில் கிரேக்க நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று, பாவம், வழி போகிறவன், அங்கே நின்றிருந்த மலேசியக் கப்பலில் இடித்துவிட்டது. வாட்ஸாப்பில் போர் வரப்போகிறது என்று ஆளாளுக்கு வீடியோ. காலையில் பாலத்துக்குப் போனால் அதே ஹெல்மெட் கூட்டம், அதே புகை, மழைக்கோட்டைப் பின்னால் போட்டுத் தூங்கி வழிகிற முகங்கள். ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் இரு பக்கமும் கடக்கிறோம். பாலத்தோரம் தண்ணீர்க் குழாய். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து தினம் 25 கோடி கேலன், ஆயிரம் கேலனுக்கு 3 சென், 2061 வரை. கல் சண்டை சூடானால் உடனே தண்ணீர் விலையும் மேடை ஏறும், அது எழுதப்படாத விதி. ஆனால் குழாயை ஒருநாளும் யாரும் மூடவில்லை. 2019 ஏப்ரலில் இரு தரப்பும் துறைமுக எல்லைகளைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டார்கள்.

மகாதீர் பற்றிய அந்த அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்து சுமார் ஒரு மாதத்தில், 2025 ஜனவரி 7ஆம் தேதி, இரு நாட்டுப் பிரதமர்கள் அன்வாரும் லாரன்ஸ் வோங்கும் பார்க்க ஜொகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. என்னோடு வேலை செய்கிற தமிழ்நாட்டுத் தம்பி ஒருவன் ராமநாதபுரத்துக்காரன், இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டான். "அண்ணே, கச்சத்தீவுக்கு எங்க ஊர்ல இப்பவும் தேர்தலுக்குத் தேர்தல் அடிச்சுக்கிறாங்க, நீங்க கோர்ட்டுக்குப் போயி, தோத்து, அப்புறம் சேர்ந்து பிசினஸ் பண்றீங்களே" என்றான். 1974இல் இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டு முடித்த கதை அது, மீனவனைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. இங்கேயும் பாக்சிக்கை யாரும் தி ஹேக்குக்குக் கூட்டிப்போகவில்லை என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பெட்டியைத் தூக்கினான்.

சுங்கை ரெங்கிட்டிலிருந்து திரும்பும்போது பின் சீட்டில் அக்கா மகன் இன்னும் மேப்பைத்தான் நோண்டிக்கொண்டிருந்தான். வழி நெடுக நான் பேசியதைக் கேட்டதில் அவனுக்குப் பிடித்தது பூலாவ் பிசாங் மட்டும்தான். தீவு மலேசியாவுடையது, விளக்கு சிங்கப்பூர் எரிக்கிறது என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"அப்ப அதுக்குச் செலவெல்லாம் யாரு மாமா?"

"நீங்கதான்டா."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். "அப்ப நாமதான் ஏமாளியா?" என்றான்.

நாம என்றான். அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். யாரைச் சேர்த்துச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.